கொடைக்கானல் ஏற்றத்தில் இழுவை போதவில்லை: டீசல் பிக்கப்புக்கு எந்தச் சிப்பைத் தேர்ந்தெடுப்பது?

கீழமாசிவீதி_லோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் டின் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் கொடைக்கானலுக்குப் பிக்கப் ஓட்டுகிறேன். திரும்பி வரும்போது கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு என்று ஏதாவது ஒரு சரக்கு மாட்டுத்தாவணிக்கோ பரவைக்கோ கிடைத்துவிடும். வண்டி 2018-இல் பதிவானது. இரண்டரை லிட்டர் காமன்ரயில் டீசல் எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உண்டு, புகை மாசு விதிப்படி பி.எஸ். 4 வகை. இதுவரை 1,64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன், இன்னும் பதினொரு மாதத் தவணை பாக்கி இருக்கிறது.

வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வரை சமதளத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. மலைச்சாலை தொடங்கியதும்தான் சிரமம். முன்பு மூன்றாம் கியரில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டாம் கியர் போட வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கே இறங்கிவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை வருகிறதே தவிர வேகம் கூடுவதில்லை. பின்னால் வரும் பேருந்துகள் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒதுங்கி வழிவிட்டு மறுபடியும் நின்ற நிலையிலிருந்து லோடோடு கிளப்புவது கிளட்சுக்கும் நல்லதில்லை என்று எனக்கே தெரிகிறது.

சிப் பொருத்தினால் இழுவை கூடும் என்று உடன் ஓட்டும் நண்பர்கள் சொல்கிறார்கள். விசாரித்ததில் மூன்று வகை இருப்பதாகத் தெரிகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுதைக் கண்டறிய ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறிய கருவி ஆயிரம் ரூபாய்க்குள் இணையத்தில் கிடைக்கிறது. எஞ்சின் வயரிங்கின் இடையில் மாட்டும் பெட்டிக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். மடிக்கணினியை இணைத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். உள்ளே இருக்கும் மென்பொருளையே மாற்றும் ரீமேப் என்ற முறைக்கு 25,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இவற்றில் மலைக்கு லோடு ஏற்றும் வண்டிக்கு எது பொருந்தும், டீசல் செலவு கூடுமா குறையுமா, எஞ்சினின் ஆயுள் பாதிக்குமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். தவணை கட்டும் வண்டியில் தவறான செலவைச் செய்துவிடக் கூடாது என்ற கவலையோடுதான் கேட்கிறேன்.

திருநகர்_வயரிங் எழுதியது:

முதல் வகையைப் பற்றி மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அதை வாங்கி மாட்டிய வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் கொண்டு வந்ததைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஓ.பி.டி. சாக்கெட்டில் மொத்தம் 16 பின்கள் உண்டு. 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரமும் 4-ஆம் பின்னில் எர்த்தும் வரும், ஈ.சி.எம். பேசும் கேன் லைன் 6, 14 ஆகிய இரண்டு பின்களில் இருக்கும். நான் பிரித்த கருவியில் அந்த இரண்டு பின்களிலிருந்து எந்தச் செப்புக் கோடும் உள்ளே இருந்த சில்லுக்குப் போகவில்லை. மின்சாரம் எடுத்துக்கொண்டு மூன்று சிறிய விளக்குகளை மாற்றி மாற்றி எரிய வைப்பதைத் தவிர அது வேறு வேலை எதையும் செய்யவில்லை. ஈ.சி.எம். உடன் பேசவே வழியில்லாத ஒரு கருவி, 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு உங்கள் ஓட்டும் முறையைக் கற்றுக்கொண்டு இழுவையைக் கூட்டும் என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பி யாரும் பணத்தை இழக்க வேண்டாம்.

மற்ற இரண்டைப் பற்றிப் பம்ப் வேலை செய்பவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

டீசல்பம்ப்_மதுரை எழுதியது:

தம்பி, நான் இருபத்து இரண்டு ஆண்டுகளாக டீசல் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் பழுது பார்த்து வருகிறேன். சிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கேள்வியிலேயே இருக்கும் இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். முன்பு மூன்றாம் கியரில் ஏறியது, இப்போது ஏறவில்லை என்பது ஒன்று. முழுவதும் மிதித்தால் கறுப்புப் புகை வருகிறது என்பது மற்றொன்று. முதல் செய்தி, வண்டியிடம் முன்பு இருந்த ஒன்று இப்போது இல்லை என்று சொல்கிறது. இரண்டாவது, இல்லாமல் போனது டீசல் அன்று, காற்று என்று சொல்கிறது.

டீசல் எஞ்சினில் இழுவையைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் உள்ளே போகிறது என்பதுதான். ஆனால் ஒரு கிராம் டீசல் முழுவதும் எரிவதற்கு ஏறத்தாழ பதினான்கரை கிராம் காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் சீராகக் கலக்க நேரம் கிடைப்பதில்லை என்பதால், நடைமுறையில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். காற்று குறைந்தால் எரியாத கரி கறுப்புப் புகையாக வெளியே போகும், இழுவை கிடைக்காது, வெளியேறும் புகையின் வெப்பமும் உயரும். உங்கள் வண்டி இப்போதே அந்த நிலையில் இருக்கிறது. இதன் மேல் எந்தச் சிப்பை மாட்டினாலும் அது இன்னும் கொஞ்சம் டீசலைத்தான் ஊற்றும். மூச்சுத் திணறுகிறவருக்கு இன்னொரு கவளம் சோறு ஊட்டுவது போன்றது அது.

உங்கள் வண்டிக்கு அந்த ஏற்றத்தில் உண்மையில் எவ்வளவு சக்தி தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லோடோடு சேர்த்து வண்டியின் எடை 3 டன் என்றும், சாலை 15 அடிக்கு 1 அடி உயருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். டயர் உராய்வையும் சேர்த்து அந்த ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சக்கரத்தில் ஏறத்தாழ 20 கிலோவாட், அதாவது 27 குதிரைத்திறன் போதும். கியர்ப்பெட்டியிலும் டிஃபரன்ஷியலிலும் வீணாவதைச் சேர்த்தாலும் எஞ்சின் 32, 33 குதிரைத்திறன் தந்தால் ஏறிவிடும். இரண்டரை லிட்டர் டர்போ எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்றால், அது 57 குதிரைத்திறன். தேவைக்கு மேல் தாராளமாகவே இருக்கிறது. அதே எஞ்சினை உயர்ந்த கியரில் 1300 சுற்றுக்கு இறங்கவிட்டால் டர்போ சரியாகச் சுழலாது. அப்போது 120 நியூட்டன் மீட்டர்தான் கிடைக்கிறது என்று வைத்தால், சக்தி 22 குதிரைத்திறனுக்கு இறங்கிவிடும், வண்டி திணறும். ஆகவே நல்ல நிலையில் உள்ள உங்கள் எஞ்சின் சிப் இல்லாமலே மூன்று டன்னை அந்த மலையில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் குறை எங்கோ இருக்கிறது.

அந்தக் குறையைத் தேடும் வரிசையையும் சொல்கிறேன். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். மில்களுக்கும் மண்டிகளுக்கும் போகும் வண்டிகளில் உமியும் தூசியும் சேர்ந்து சீக்கிரமே அடைத்துவிடும். அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கிளிப்பைத் தளர்த்தி, கையால் மடக்கி, அடிப்பக்கம் வரை பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, லோடு இழுக்கும்போது காற்றழுத்தத்தில் வாய் திறக்கும். வெடிப்பு உள்ள இடத்தில் எண்ணெய்க் கசிவும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும் என்பது நல்ல அடையாளம். பிறகு, எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வு. கரி படிந்து அது பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால், எரிந்த புகையே மறுபடி உள்ளே போய்ப் புதுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவற்றுக்குப் பிறகுதான் டீசல் வடிகட்டி, இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை ஆகியவற்றுக்கு வர வேண்டும். ரிட்டர்ன் சோதனை எளிமையானது. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சிறிய புட்டிகளில் விட்டு எஞ்சினை ஓட்டினால், எந்தப் புட்டியில் டீசல் அதிகம் சேருகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்கேனர் உள்ள பட்டறையில் பிழைக் குறியீடுகளையும் படிக்கச் சொல்லுங்கள். பி 0299 என்று வந்தால் டர்போ அழுத்தம் குறைவு என்று பொருள். பி 0087 என்று வந்தால் ரயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம் குறைவு. ஆனால் விளக்கு எரியவில்லை என்பதற்காகக் குறையே இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். சிறிய காற்றுக் கசிவுகள் குறியீடாகப் பதிவாகாமலே இழுவையைத் தின்னும்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். டயர் அளவை எப்போதாவது மாற்றினீர்களா? ஆர்.சி.யில் அனுமதித்த எடைக்குள்தான் ஏற்றுகிறீர்களா?

போடிமெட்டு_பயணி எழுதியது:

நான் ரீமேப் செய்தவன், அதனால் மறுபக்கத்தையும் எழுதுவது முறை என்று தோன்றுகிறது. என்னுடையது லோடு வண்டி அன்று. ஏலத்தோட்டத்துக்குப் போய்வர வைத்திருக்கும் நான்கு சக்கர இழுவைப் பிக்கப். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மாதத்துக்கு எட்டுப் பத்து முறை ஏறி இறங்குகிறேன். வண்டியில் எந்தக் குறையும் இல்லாத நிலையில், நாற்பதாயிரம் கிலோமீட்டரில் ரீமேப் செய்துகொண்டேன். வளைவில் திரும்பியவுடன் இரண்டாம் கியரில் டர்போ விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்கும் அந்த ஒரு நொடித் தயக்கம் குறைந்தது என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பலன். உச்ச வேகம் கூடியதா என்று நான் பார்க்கவே இல்லை, அது எனக்குத் தேவையும் இல்லை.

ஆனால் அதற்காக நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் போன இடத்தில் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், இந்த மாடலுக்கு ஃபைல் தயாராக இருக்கிறது, அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம் என்றார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு ஈ.சி.எம். மென்பொருளின் எண் மாறும். வேறொரு வண்டியின் ஃபைலை ஏற்றினால் சென்சார் அளவுகள் பொருந்தாமல் போகலாம். இரண்டாவது இடத்தில் என் வண்டியில் இருந்த மென்பொருளை முதலில் படித்து எடுத்து, அதன் பிரதியை ஒரு பென்டிரைவில் என் கையில் கொடுத்தார்கள். வண்டியின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். முறுக்கு விசையை எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டபோது, கிளட்ச் தாங்கும் அளவைத் தாண்ட வேண்டாம் என்று அவர்களே குறைத்துச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

டீசல் செலவைப் பொறுத்தவரை, நிதானமாக ஓட்டும் நாட்களில் லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் கூடியிருக்கலாம்; மிதித்து ஓட்டினால் குறைகிறது. டீசல் மிச்சமாகும் என்ற கணக்கில் 25,000 ரூபாயைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். ரீமேப் செய்யும்போதே ஈ.ஜி.ஆர். வால்வை மென்பொருளில் அடைத்துவிடுகிறோம், பி.எஸ். 6 வண்டியென்றால் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியையும் எடுத்துவிடுகிறோம் என்று சிலர் இலவச இணைப்புப் போலச் சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் புகையைச் சுவாசிப்பது நம் பின்னால் இருசக்கர வாகனத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர்தான்.

கீழமாசிவீதி_லோடு எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பம்ப் பட்டறை ஐயாவின் கேள்விகளுக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு பின் டயர்கள் தேய்ந்தபோது, லோடு நன்றாகத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னதால் ஓர் அளவு பெரிய டயர் போட்டேன். எடையைப் பொறுத்தவரை, பண்டிகைக் காலங்களில் ஆர்.சி.யில் உள்ளதைவிட இருநூறு, முந்நூறு கிலோ கூடுதலாக ஏற்றியிருக்கிறேன். மறைத்துக் கேட்டால் சரியான யோசனை கிடைக்காது என்பதால் சொல்கிறேன். இரண்டாவது வகையான பெட்டியைப் பற்றி யாரும் எழுதவில்லை. தேவையில்லை என்றால் கழற்றிவிடலாம், வண்டியில் அடையாளமே இருக்காது என்பதால் எனக்கு அதில்தான் மனம் போகிறது.

டீசல்பம்ப்_மதுரை எழுதியது:

உண்மையைச் சொன்னது நல்லது தம்பி. டயர் பத்து சதவீதம் உயரமானால், ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும். கூடுதல் எடையால் சுமை பத்து சதவீதம் ஏறும். இரண்டும் சேர்ந்தால் முன்பு மூன்றாம் கியரில் முடிந்தது இப்போது முடியாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் கறுப்புப் புகைக்கு அது மட்டும் காரணமாக இராது, ஆகவே ஹோஸ்களைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். காமன்ரயில் எஞ்சினில் உயர் அழுத்தப் பம்ப் டீசலை ஒரு பொதுக் குழாயில் சேர்த்து வைக்கும். அந்த அழுத்தம், பார் என்ற அழுத்த அலகில், ஆயிரத்துக்கும் மேலே போகும். குழாயின் முனையில் உள்ள சென்சார் அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றி ஈ.சி.எம்.முக்குச் சொல்கிறது. மலிவான பெட்டிகள் அந்தச் சென்சாருக்கும் ஈ.சி.எம்.முக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே 1000 பார் இருக்கும்போது 900 என்று பொய் சொல்லும். ஈ.சி.எம். அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறந்திருக்கும், ஆனால் கூடுதல் டீசல் பாயும். கூடுதல் டீசல் போனது ஈ.சி.எம்.முக்கே தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு டீசல் என்று புகையைக் கட்டுப்படுத்த ஆலையில் வைத்த கணக்கும், எஞ்சினைக் காப்பதற்கு வைத்த வரம்புகளும் அந்தப் பொய்யான எண்ணின் மீதே வேலை செய்யும். பம்ப், ரயில் வால்வு, இன்ஜெக்டர் மூன்றும் எப்போதும் கூடுதல் அழுத்தத்திலேயே இருக்கும். காற்றழுத்தத்தையும் எஞ்சின் சுற்றையும் சேர்த்துப் படித்து, தேவையான இடத்தில் மட்டும் கூட்டும் நல்ல பெட்டிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1,64,000 கிலோமீட்டர் ஓடிய இன்ஜெக்டர்களின் மேல் எந்தப் பெட்டியையும் நான் மாட்ட மாட்டேன். பெட்டியைக் கழற்றினால் அடையாளம் இருக்காது என்கிறீர்கள். தேய்ந்த இன்ஜெக்டர் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் பாதைக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ சமதளத்தைவிட வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. வத்தலக்குண்டில் சரியாகத் தோன்றும் சிப், பெருமாள்மலைக்கு மேலே அதே டீசலுக்குக் குறைந்த காற்றைத்தான் பெறும். நீண்ட ஏற்றத்தில் அரை மணி நேரம் தொடர்ந்து மிதிக்கும்போது புகையின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு ஒருமுறை முந்திச் செல்லும் காருக்கு அந்த வெப்பம் பொருட்டாகாது. லோடு வண்டிக்குப் பிஸ்டன் தலையும் டர்போவும் போவது அதனால்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனைக் காப்பாற்றுவது அதன் அடியில் பாயும் எண்ணெயும், வெப்பம் எல்லை மீறாமல் ஆலை வைத்த கணக்கும்தான்.

பழுதுகளைச் சரி செய்த பிறகும் போதவில்லை என்று தோன்றினால், ரீமேப்தான் உங்களுக்குப் பொருந்தும். போடிமெட்டு நண்பர் சொன்ன முறையில், உங்கள் ஃபைலையே படித்து, 1500 முதல் 2200 சுற்று வரையிலான முறுக்கு விசையை மட்டும் கொஞ்சமாக உயர்த்தி, புகை வரம்பையும் ரயில் அழுத்த வரம்பையும் தொடாமல் செய்யச் சொல்ல வேண்டும். எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று மட்டும் பேசுகிறவரிடம் போக வேண்டாம். டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பத்தை அளக்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்தித் தருவீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் தரும் பதிலிலேயே அவருடைய தொழில் தெரிந்துவிடும்.

கோரிப்பாளையம்_ஆவணம் எழுதியது:

நான் வாகன ஆவண வேலை செய்பவன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாது. சட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் சிப் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182 ஏ பிரிவில் இடம் இருக்கிறது. பி.எஸ். 4 டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ்ச் சோதனையில் வரம்பு, புகையின் அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 50. சிப் மாட்டிக் கறுப்புப் புகை விடும் வண்டி இதில் தேறுவது கடினம். சரக்கு வண்டி என்பதால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழை எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். ஆகவே சோதனைக்கு வண்டி அடிக்கடி போகும்.

காப்பீட்டையும் யோசியுங்கள். எஞ்சின் சக்தியை மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், மலைச்சாலையில் ஒரு விபத்து நேர்ந்த அன்று இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அது ஒரு காரணமாக அமையலாம். தவணை முடியாத வண்டிக்கு இது சாதாரண ஆபத்தில்லை. சரக்கு வண்டிகளுக்கு விதித்த 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டை ரீமேப்பின்போது நீக்கித் தருவதாகச் சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள்.

எடை விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். அனுமதித்த எடையைத் தாண்டினால் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். முந்நூறு கிலோ அரிசிக்குக் கிடைக்கும் வாடகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதைவிட, மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்குக்கு அந்த எடை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். சிப் எதுவும் பிரேக்கைப் பலப்படுத்துவதில்லை.

கீழமாசிவீதி_லோடு எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். வண்டியைப் பட்டறையில் இரண்டு நாள் விட்டுப் பார்த்ததில் தெரிந்தவற்றைப் பதிவு செய்கிறேன். இதே குறையோடு தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கீழ் ஹோஸ், கிளிப்புக்குச் சற்று மேலே, அடிப்பக்கத்தில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. ஐயா சொன்னபடி எண்ணெயும் தூசியும் கெட்டியாகப் படிந்திருந்த இடத்தைத் துடைத்தபோதுதான் வெடிப்புத் தெரிந்தது. ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றியபோது கரி அடுப்புக்கரியைப் போல அடர்ந்திருந்தது. அடைக்காமல் சுத்தம் செய்து திரும்பப் பொருத்தினார்கள். ரிட்டர்ன் சோதனையில் மூன்றாவது இன்ஜெக்டரின் புட்டி மற்றவற்றைவிட இருமடங்கு நிறைந்தது. அதை மட்டும் கழற்றிப் பழுது பார்த்துப் போட்டோம். ஹோஸ், வடிகட்டிகள், இன்ஜெக்டர், கூலி எல்லாம் சேர்த்து 14,300 ரூபாய் ஆனது. டயரைப் பொறுத்தவரை, பெரிய டயர்களை விற்றுவிட்டு, ஆர்.சி.யில் உள்ள அளவுக்கே திரும்பிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் நட்டம்தான்.

அதன்பின் ஐந்து நடை போய்வந்துவிட்டேன், ஐந்திலும் அனுமதித்த எடைக்குள்தான் ஏற்றினேன். கடைக்காரர் ஒருவர் மட்டும் மூட்டைகளைக் குறைத்ததற்குக் கோபித்துக்கொண்டார். மீதியை அடுத்த நடையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டார். மலையடிவாரத்திலிருந்து பெருமாள்மலை வரை முன்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, இப்போது ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விடுகிறேன். பழைய இடங்களில் மூன்றாம் கியர் நிற்கிறது. ஐயாவின் கணக்கைப் படித்த பிறகு, எஞ்சின் 1300 சுற்றுக்கு இறங்கும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கியரைக் குறைத்துவிடுகிறேன். அந்த ஒரு பழக்கமே பாதி வித்தியாசத்தைத் தந்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் புகை தெரிவதில்லை. டீசல் ஒரு நடைக்கு இரண்டு லிட்டர் வரை குறைவாகப் பிடிக்கிறது.

பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரீமேப்பையும் இப்போதைக்கு விட்டுவிட்டேன். அதற்கு ஒதுக்கியதில் மீதமிருக்கும் பணத்தில் கிளட்ச் பிளேட்டை மாற்றப் போகிறேன், ஏனென்றால் அதிலும் வழுக்கல் தொடங்கியிருப்பதாகப் பட்டறையில் சொன்னார்கள். மற்ற மூன்று இன்ஜெக்டர்களையும் இப்போதே கழற்றிச் சோதிப்பதா, அல்லது இரண்டு லட்சம் கிலோமீட்டர் வரை பொறுப்பதா என்பதை மட்டும் ஐயா சொல்ல வேண்டும்.

டீசல்பம்ப்_மதுரை எழுதியது:

மற்ற மூன்றின் புட்டிகளும் சமமாக இருந்தால் கழற்ற வேண்டாம் தம்பி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் சோதனை மட்டும் செய்யுங்கள், டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து விடுங்கள். கிளட்ச் மாற்றும்போது ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இரண்டு முறை கியர்ப்பெட்டியை இறக்க வேண்டியிருக்காது.